யானைக்கு அட்டை போட்ட மத்தியானம்

ஹால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பியூலா தரையில் உட்கார்ந்தாள். ஓடினால் பிரவுன் ஷீட் பறக்கும், பறந்தால் மடிப்பு கோணும், மடிப்பு கோணினால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, ஆனாலும் கோணக் கூடாது. ரோலிலிருந்து இழுத்த தாள் பிடிவாதமாகத் தன்னைத் தானே சுருட்டிக்கொண்டது. ஒரு முனையில் பருப்பு டப்பாவையும் இன்னொரு முனையில் ஹெப்சியின் டானிக் பாட்டிலையும் வைத்தாள். ஞாபக சக்திக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டானிக். பாதி அப்படியே நிற்கிறது. படுக்கையறையில் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கடியில், துறைமுகத்தில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ரூபன் கவிழ்ந்து படுத்துத் தூங்குகிறான். அவன் எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். எதை முடிக்க, அட்டை போடுவதையா, அவனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையா. அட்டை போட்டுவிடலாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, மூன்றாம் பருவம், புதுப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் பிரவுன் ஷீட், வலது மேல் மூலையில் லேபிள், அதில் பேர், வகுப்பு, பாடம். நாளைக்குத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரும் வரச் சொல்லியிருக்கிறார்கள். லீவு விட்ட அன்றைக்கு, கேட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் பண்ணுகிற குரலில் சொன்னார்கள்: திறந்த அன்றைக்கே வாங்க பியூலா, ரெண்டு பேருமா வாங்க, ஒரு முடிவு எடுத்தாகணும். அந்தக் கை அவ்வளவு மெத்தென்று இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. முடிவு என்றால் டிசி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு டிசி. ரூபனிடம் அவள், நாளைக்கு ஸ்கூலில் ஏதோ பேரண்ட்ஸ் மீட்டிங், நான் மட்டும் போய்ட்டு வந்திருதேன், நீங்க தூங்குங்க என்று சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டான். எவ்வளவு லேசாகச் சரி என்றான்.

முதலில் தமிழ்ப் புத்தகம். அட்டையில் மயில். தாளின் மேல் புத்தகத்தை வைத்து, சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு வெட்டினாள், கத்தரி போகிற சத்தம் தவிர ஹாலில் சத்தமில்லை. ஹெப்சி எங்கே. பால்கனியில். கொடியில் கிடக்கிற துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறாள், எவ்வளவு நேரமாக, அதை மட்டும் எவ்வளவு நேரமானாலும் செய்வாள், அதுவும் புத்தகத்தில் போட்டிருந்தது, பிடித்த காரியத்தில் இந்தப் பிள்ளைகள் மூழ்கிப்போவார்கள், ஆகவே இவர்களுக்குக் கவனமே கிடையாது என்று எண்ணாதீர்கள் என்று. எந்தப் புத்தகம் அது, ஆன்லைனில் வாங்கியதா, ஹெப்சியைக் கொண்டுபோய்க் காட்டிய பாளையங்கோட்டை மேடம் கொடுத்ததா. மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் வந்த அன்றே அட்டை போட்டுவிட்டாள், ஹெப்சியின் பாடப் புத்தகம் மாதிரியே பிரவுன் ஷீட், லேபிள் மட்டும் இல்லை. அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கும். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் படிப்பாள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் படிப்பாள், கீழே பைக் சத்தம் கேட்டதும் புத்தகம் வாளிக்குப் பின்னால் போய்விடும். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அடிக்கோடு. கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அடிக்கோடு. சரியாக ஒன்று செய்தால் உடனே பாராட்டுங்கள், உடனே, அப்புறம் என்று தள்ளிப் போட்டால் எதற்குப் பாராட்டு என்று பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு அடிக்கோடு. பிள்ளைக்கென்று சத்தமில்லாத ஓர் அறையை ஒதுக்குங்கள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, பாத்ரூம் ஒன்றுதான் இந்த வீட்டில் அப்படி, அதிலும் அம்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் புத்தகத்தில் வருகிற பிள்ளைகள் பனி பெய்கிற ஊரில் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் சோபாவில் உட்கார்ந்து, நாம் இதைச் சேர்ந்தே எதிர்கொள்வோம் அன்பே என்கிறார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் தனியாக ஒரு டீச்சர் வந்து பக்கத்தில் உட்காருகிறார். ரெஜினா மிஸ் கிளாஸில் மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் ஐந்து பிள்ளைகள். மேடம் கொடுத்த புத்தகம் பரவாயில்லை, தமிழ், கற்றல் குறைபாடு, கவனக் குறைபாடு என்று பெரிய எழுத்தில் தலைப்புகள். அதில் முதல் பக்கத்திலேயே, இது உங்கள் தவறல்ல என்று இருந்தது. அடிக்கோடு போட ஸ்கேலை வைத்துவிட்டு, போடாமல் எடுத்துவிட்டாள். என் தவறு இல்லை என்றால் பிறகு யாருடையது, யாருடையதும் இல்லை என்றால் யாரைத் திருத்துவது. கர்ப்பமாக இருக்கும்போது அந்த ஒரு தடவை படியில் சறுக்கியது. அது இல்லை. இல்லை என்று மேடமும் சொன்னார்கள். வாசிக்கிறதுல கஷ்டமா, கவனத்துல கஷ்டமா, இல்ல ரெண்டுமான்னு டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும், பயப்படாதீங்க, அவங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க என்றார்கள். கல்யாணப் புடவை எடுக்கச் சித்தி மகள் கூப்பிட்டாள் என்று பொய் சொல்லித்தான் பாளையங்கோட்டைக்கே போயிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஹெப்சி, அம்மா புடவை எங்க என்று கேட்டாள்.

தமிழுக்கு மடித்தாயிற்று. நகத்தால் மடிப்பின் மேல் ஒரு தேய். கான்வென்டில் சொல்லிக்கொடுத்தது, நகத்தால் தேய்த்தால்தான் மூலை கத்தி மாதிரி நிற்கும். ஜூன் மாதம் முதல் வாரம் சிஸ்டர் வரிசை வரிசையாக வருவார்கள், பிள்ளைகள் புத்தகத்தை டெஸ்க் மேல் அடுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பியூலாவின் புத்தகங்களை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். அந்த வாசனை, பிரவுன் ஷீட்டும் கோந்தும் புது ஷூவும். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு மூலை, ஒரே இடத்தில் லேபிள், பார்க்கவே மனசு அடங்கும், உலகத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று. இப்போதும் அடங்குகிறது. கை செய்கிறது, மனசு அடங்குகிறது, அதனால்தான் ஒவ்வொரு பருவமும் அட்டை போடுகிற வேலையை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. அவர்கள் கிளாஸிலும் ஒருத்தி இருந்தாள், தினமும் தப்பான புத்தகம் கொண்டுவருவாள், வராந்தாவில் முட்டி போட்டிருப்பாள். பேர் என்ன, ஃப்ளோரா, ஃப்ளாரன்ஸ். முகம் ஞாபகம் வரவில்லை. பின்பக்கமாகத் தெரிகிற இரண்டு உள்ளங்கால் மட்டும் ஞாபகம் வருகிறது. ஆறாம் வகுப்புக்கு அப்புறம் அவள் இல்லை. எங்கே போனாள். அப்படிப் போகிற பிள்ளைகள் எங்கே போகிறார்கள், எங்கேயாவது போய்த்தானே இருக்க வேண்டும், வளர்ந்து, கல்யாணமாகி, கடையில் பில்லை வாசிக்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு. ஹெப்சியின் டைரியிலும் ரெஜினா மிஸ் சிவப்பு மையில் அதைத்தான் எழுதுகிறார்கள், தப்பான புத்தகம் கொண்டு வருகிறாள், தயவுசெய்து கவனிக்கவும். கவனிக்கவும். ராத்திரியே டைம்டேபிள் பார்த்து அவள்தான் அடுக்கி அனுப்புகிறாள். ஆனால் ஸ்கூலில் பாதிப் புத்தகம் ஷெல்ஃபில் இருக்கிறது, அங்கிருந்து எடுக்கும்போதுதான் தப்பாக எடுக்கிறாளாம், கணக்கு எடு என்றால் தமிழை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாளாம், வேணும்னே பண்ணுதான்னு நான் சொல்லல மேம், ஆனா பாருங்க.

கணக்குப் புத்தகத்தில் பட்டங்கள், பச்சையும் மஞ்சளுமாக. கட்டில் கிறீச்சிட்டது. கத்தரியை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புரண்டு படுத்திருக்கிறான், அவ்வளவுதான். கெட்டவன் என்றால் சுலபம். கெட்டவனே இல்லை. வேலை விட்டு வந்தால் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போடுகிறவன், அவள் கொட்டினதைத் துடைக்கிறவன். எம் மக சேட்டை, அதுக்கென்ன, நீ படிச்ச கான்வென்ட்ல எல்லாத்தையும் அச்சுல வாத்து விட்டாளுகன்னா எம் பிள்ளையும் அப்படியே இருக்கணுமாக்கும் என்பான். அப்படிச் சொன்னவனிடம்தான் நவம்பரில், ஒரு மழை நாளில், தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்: ஏங்க, ஹெப்சிக்கு வாசிக்கவே வரமாட்டேங்கு, யாரையாவது பார்ப்போமா. யாரை என்றான். யாரையாவது, இதுக்குன்னு இருக்கிறவங்களை. அவன் அக்கா மகன் ஜோயல் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழேயும் கீழிருந்து மேலேயும் சொல்கிறவன். அவன் ஞாபகம்தான் வந்திருக்கும் ரூபனுக்கு, கண்ணில் தெரிந்தது. ஹெப்சியைக் கூப்பிட்டான். மடியில் உட்காரவைத்தான். புத்தகத்தை விரித்து, வாசி ராசாத்தி என்றான். ஹெப்சி வாசித்தாள். கிணறு. வாளி. பூனை. அழகாக வாசித்தாள். அவன் பியூலாவை நிமிர்ந்து பார்த்தான், பாத்தியா என்பது போல, அந்த ஒரு நொடி அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு அவனுக்கே ஏதோ தட்டுப்பட்டது. உள்ளங்கையால் படத்தை மூடினான். இப்ப வாசி. ஹெப்சி அவன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கில் பூனையைத் தேடினாள். வாசி. வாசிட்டி. குரல் ஏறிக்கொண்டே போனது, அப்பா அவ்வளவு சத்தம் போடுவார் என்று பிள்ளைக்கு அதுவரை தெரியாது, கடைசியில் அதே புத்தகத்தால் கன்னத்தில் ஒன்று. வலித்திருக்காது, மெல்லிய புத்தகம். மொட்டை மாடிக்குப் போனவன் மழை விட்ட பிறகும் இறங்கவில்லை. இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, இனி அந்தப் பேச்சு எடுக்காத, என்றான். எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் மடி, மறுபடியும் புத்தகம், மறுபடியும் அந்தக் கை. எடுக்காவிட்டால் நாளைக்குச் சிஸ்டருடைய மெத்தென்ற கை. அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய் நின்றால் அவர்கள் கேட்பார்கள், அவங்க அப்பா எங்க. தூங்குறாங்க சிஸ்டர். ஏங்க, ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்க. வேண்டாம், கோபத்தை நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஏங்க, பிள்ளைக்கு சின்னதா ஒரு. சின்னதா என்றால் பொய். ஏங்க, நாளைக்கு நீங்களும் வாங்க. அவ்வளவுதான். நாலே வார்த்தை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. டீ கொடுக்கும்போது சொல்லிவிடலாம். டீயைக் குடித்த பிறகு. பாதி குடித்திருக்கும்போது.

இங்கிலீஷ் புத்தகத்தைத் தாளின் மேல் வைத்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. ஹெப்சி. பாவாடையின் ஓரமெல்லாம் துணி கிளிப். வந்தவள் உட்காரவில்லை, ஒரு காலில் நின்றாள், மறு காலுக்கு மாறினாள், பருப்பு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். புத்தகத்தின் அட்டையில் ஒரு யானை, தும்பிக்கையால் தண்ணீரை மேலே பீச்சிக்கொண்டு. பியூலா தாளை மடித்தாள். யானையின் கால் போயிற்று. அடுத்த மடிப்பில் தும்பிக்கை. "யானைய மூடாதம்மா," என்றாள் ஹெப்சி. மூடணும் கண்ணு, இல்லன்னா மிஸ் உள்ள விடமாட்டாங்க என்று பியூலா கையை நிறுத்தாமலே சொன்னாள். "மூடுனா அப்புறம் எனக்குத் தெரியாதுல்லா." என்ன தெரியாது. ஹெப்சி தரையில் கிடந்த இரண்டு பிரவுன் புத்தகங்களைக் காலால் தொட்டாள், பதில் அதுதான் என்கிற மாதிரி. பியூலா பார்த்தாள். ஒன்று தமிழ், இன்னொன்று கணக்கு. எது எது என்று லேபிளில் எழுதினால் தெரியும். லேபிளை வாசித்தால் தெரியும். வாசித்தால். கை நின்றுவிட்டது. மயிலும் இல்லை, பட்டமும் இல்லை, இரண்டு பிரவுன் சதுரம், மூலைகள் கத்தி மாதிரி. முதல் பருவத்திலும் இப்படி, இரண்டாம் பருவத்திலும் இப்படி, நகத்தால் தேய்த்துத் தேய்த்து. ஷெல்ஃபின் முன்னால் நிற்கிற பிள்ளை, பின்னால் சீக்கிரம் எடு என்கிற மிஸ், முன்னால் ஒரே மாதிரி ஆறு பிரவுன் முதுகு. தப்பான புத்தகம் கொண்டு வருகிறாள், கவனிக்கவும். போன பருவம், தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, அட்டை முழுக்கப் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தாளே, எல்லாப் புத்தகத்திலும், இவள்தான் கோபத்தில் கிழித்துப்போட்டுப் புதுத் தாள் போட்டாள், மறுபடி கிறுக்கினாள், மறுபடி கிழித்தாள், மூன்றாம் தடவை பேனாவையே பிடுங்கி பிரிட்ஜ் மேல் வைத்தாள். "ஹெப்சி, போன தடவ அட்டைல கிறுக்குனியே, அது என்னது?" ஹெப்சி டானிக் பாட்டிலை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிறுக்கல. கணக்குக்கு மீனு. தமிழுக்குப் பூ. இங்கிலீசுக்கு வீடு, வீடு மட்டும் சரியா வரல." அப்புறம் ஏன்மா என்கிட்ட சொல்லல. "சொன்னேம்லா," என்றாள், குற்றம் சொல்கிற குரலே இல்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. "நீ அடுப்பாங்கரைல உன் புக்கு படிச்சிட்டிருந்த. ஒரு நிமிசம் இருன்ன." பியூலா கத்தரியைக் கீழே வைத்தாள். எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த வரிக்கு ஸ்கேல் வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிற வழிகள் உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம், அவற்றைக் கலைக்காதீர்கள் என்று ஒரு வரி உண்டு, இடது பக்கம், கீழே, அதற்கு அடிக்கோடு போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கோடு துளிகூடக் கோணவில்லை. எழுந்துபோய் வாளிக்குப் பின்னால் கையைவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து மடியில் வைத்துப் புரட்டினாள். அந்த வரி இருந்தது. இருந்து என்ன செய்ய. ஹெப்சி இப்போது உட்கார்ந்துவிட்டாள், அவள் தோளில் சாய்ந்து, பக்கத்தைப் பார்க்காமல் அட்டையைத் தடவினாள். "உன் புக்குல உள்ள என்ன படம்மா?" பியூலா யோசித்தாள். வந்த அன்றைக்கே மூடிவிட்டது. ஒரு பிள்ளை இருந்ததோ, பிள்ளையும் அம்மாவும் இருந்தார்களோ. ஞாபகமே இல்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. ஃபேன் சத்தம் ஹாலுக்குள் வந்தது, அதன் பின்னால் ரூபன், லுங்கியை இறுக்கிக்கொண்டு, தூக்கம் போகாத முகம். வாளிக்குப் பின்னால் போக இப்போது நேரமில்லை. பியூலா அசையக்கூட இல்லை. அசைந்தது ஹெப்சி. அம்மாவின் மடியிலிருந்து புத்தகத்தை உருவி, தமிழுக்கும் கணக்குக்கும் நடுவில் செருகி, மேலே கையை வைத்துக்கொண்டாள், அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம், ஒரு மூலைகூட வெளியே நீட்டவில்லை. என்னட்டி, அம்மையும் மகளும் கடை விரிச்சிருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே அவன் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினான். அட்டை போடுதோம்பா. போடு போடு, அம்மை கையால அட்டை போட்டா புஸ்தகம் கவர்னர் கணக்கா இருக்கும்லா. அவன் சிரித்துக்கொண்டே அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான். அந்த இன்னொன்றைத்தான் எடுத்தான். கையில் எடை பார்த்தான், திருப்பினான். "இது என்னது, இவ்வளவு கனமா?" இதுதான். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான், தூங்கி எழுந்திருக்கிறான், பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, இல்லை, பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் என்ன, சொல்லு, ஏங்க அது ஹெப்சிக்காக வாங்கினது, ஏங்க நாளைக்கு நீங்களும் வாங்க, நாலு வார்த்தை, முதல் வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது, அவனுடைய கட்டைவிரல் அட்டையின் ஓரத்தில், திறக்கப்போகிறது, அந்த உள்ளங்கை. "அது மூணாங் கிளாஸ் புக்குப்பா," என்றாள் ஹெப்சி. "அடுத்த வருசத்துக்கு. இப்பத் தொறக்கக் கூடாதாம்." ரூபனின் முகம் அப்படியே மலர்ந்தது. எம் மவளே, அதுக்குள்ள மூணாம் கிளாஸா என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அதே கன்னம்தான், புத்தகத்தைப் பத்திரமாக அடுக்கின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தான். டீ போடு பியூலா, தலை வலிக்கு என்று முகம் கழுவப் போனான். குழாய்ச் சத்தம். தண்ணீர் ஓடுகிற வரை சொல்லலாம், கதவருகில் போய் நின்று சொல்லலாம், இன்னும் டீ இருக்கிறது, டீ பாதி குடித்திருக்கும்போது. ஹெப்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கண்ணோடு வைத்து, வேறு எங்கும் ஓடாமல், எத்தனையோ மாதமாகப் பியூலா தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கேட்ட பார்வை. வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வரலாமா என்று காத்திருந்தது. சரியான விடை சொல்லிவிட்ட பிள்ளையின் முகம். இந்த முகத்தை இந்த வருஷத்தில் அவள் இப்போதுதான் பார்க்கிறாள். யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதையும் பத்துத் தடவை சொன்னாலும் பிடிக்காத பிள்ளை, பைக் சத்தத்தையும் அரிசி வாளியையும் அம்மாவின் கையையும் மட்டும் பார்த்துப் பார்த்து, முழுசாக, ஒரு பிழையில்லாமல் படித்து வைத்திருக்கிறது. உடனே பாராட்டுங்கள், அப்புறம் என்று தள்ளிப் போடாமல். இரண்டு அடிக்கோடு. பியூலாவின் கை எழுந்தது, பிள்ளையின் தலையைத் தடவியது.